உங்களுக்குத் தெரியுமா? சாவியை எடுத்த பிறகும் ஓடும் எஞ்சின்

ஓடைப்பட்டியில் விதையில்லாத் திராட்சை போட்டிருப்பவர் வீட்டில் ஒரு டிராக்டர், ஒரு பவர் ஸ்பிரேயர், வாசலில் ஒரு எக்ஸெல் மொபெட் நிற்பது சாதாரணம். அங்கிருந்து கம்பம், கூடலூர் பக்கம் போனால் விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள். இந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் வரக்கூடிய கோளாறு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பி கையில் எடுத்தாயிற்று, எஞ்சின் மட்டும் நிற்கவில்லை. அப்போது அது எப்படி ஓடுகிறது என்று கவனித்தால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி நோய் தெரிந்துவிடும்.

சாவி எதை நிறுத்துகிறது?

எஞ்சின் ஓடுவதற்குக் காற்று, எரிபொருள், பற்றவைக்கும் சூடு என மூன்றும் வேண்டும். கார்ப்பரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் வண்டியில் சாவி நிறுத்துவது பிளக்கில் வரும் பொறியை மட்டுமே. காற்றும் பெட்ரோலும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். டீசல் எஞ்சினில் பொறி விடும் பிளக்கே கிடையாது. காற்றை 14 முதல் 22 மடங்கு வரை அமுக்கினால் அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டியது இதைத்தான். அதனால் டீசல் வண்டியில் சாவியின் வேலை டீசலை அடைப்பது. எது அடைபடவில்லை என்று கண்டுபிடிப்பதே நோய் பார்க்கும் வேலை.

“ஆட்டி ஆட்டி ஓடுதா, சீரா ஓடுதா?”

நல்ல மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி இது. சாவியை எடுத்த பிறகு பெட்ரோல் வண்டி குலுங்கி, இருமி, வண்டியையே ஆட்டிச் சில நொடிகள் ஓடி நின்றால், பொறி நின்றுவிட்டது, உள்ளே இருக்கும் சூடு பெட்ரோலைப் பற்றவைக்கிறது என்று பொருள். ஐடிலிங் மாறாமல், எதுவுமே நடக்காததுபோல் சீராக ஓடினால் கரண்ட் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. டீசல் வண்டி சீராக ஓடினால் டீசல் அடைபடவில்லை. டீசல் எஞ்சின் வேகம் தானாக ஏறிக்கொண்டே போனால் அது வேறு கதை. உயிர் போகும் கதை. அதற்குக் கீழே வருகிறேன்.

கரி செய்யும் வேலை

குலுங்கி ஓடும் கோளாறில் பெரும்பாலும் குற்றவாளி ஹெட்டில் பிடித்திருக்கும் கரி. எஞ்சின் சூட்டில் அந்தக் கரி தணலாகக் கனன்றுகொண்டிருக்கும், பிளக்கின் வேலையை அது செய்துவிடும். பழைய அம்பாசடர், பத்மினி வைத்திருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கூடவே பார்க்க வேண்டியவை: ஐடிலிங் அளவுக்கு மேல் கூட்டி வைத்திருக்கிறதா, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து எஞ்சின் சூடேறுகிறதா, டைமிங் பின்தங்கியிருக்கிறதா, பெட்ரோலும் காற்றும் சேரும் அளவில் காற்று கூடிவிட்டதா. இவற்றில் ஐடிலிங்கை முதலில் பாருங்கள். ஒரு ஸ்குரூவைத் திருப்பினால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

பிளக்குக்கும் சூட்டு எண் உண்டு

கடையில் ‘எந்தப் பிளக்காக இருந்தாலும் போதும்’ என்று வாங்கக்கூடாது. பிளக்கின் நுனியில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் நீளமாக இருந்தால் சூடு வெளியேற நேரமாகும், குட்டையாக இருந்தால் சீக்கிரம் வெளியேறும். எஞ்சினுக்குப் பொருந்தாத சூடான பிளக் போட்டால் அதன் நுனியே தணலாகி, சாவியை எடுத்த பிறகும் பற்றவைக்கும்.

அந்த ‘டிக்’ சத்தம்

மாருதி 800 போன்ற பிற்காலக் கார்ப்பரேட்டர் கார்களில் இந்தக் கோளாறுக்கு மருந்து வைத்தே அனுப்பினார்கள். கார்ப்பரேட்டரின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாலினாய்டு வால்வு இருக்கும், அதில் ஒரே ஒரு ஒயர். சாவியை ஆன் செய்ததும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, அது ‘டிக்’ என்று இழுத்துக்கொண்டு ஐடிலிங் பெட்ரோலுக்கு வழி விடும். சாவியை எடுத்தால் அதன் ஊசி முன்னே வந்து துளையை அடைத்துவிடும். சோதிப்பது சுலபம்: எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது அந்த ஒயரைப் பிடுங்குங்கள். எஞ்சின் நின்றால் வால்வு சரி. நிற்காவிட்டால் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ஊசியே இல்லை!

ஊசி எங்கே போயிருக்கும்? சாலினாய்டு கெட்டுப்போனால் ஐடிலிங் பிடிக்காது, வண்டி சிக்னலுக்குச் சிக்னல் அணைந்துபோகும். புதுச் சாலினாய்டு கிடைக்காத நேரத்தில் சில பட்டறைகளில் அந்த ஊசியின் நுனியை வெட்டிவிட்டு மாட்டிவிடுவார்கள். அணைவது நிற்கும், ஆனால் அன்றிலிருந்து சாவியை எடுத்தாலும் எஞ்சின் உதறத் தொடங்கும். பழைய கார் வாங்கினால் அந்தச் சாலினாய்டைக் கழற்றி ஊசி முழுதாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

டேஷ்போர்டைப் பாருங்கள்

சாவியை எடுத்தும் ஓடுகிற வண்டியில் டேஷ்போர்டு விளக்குகள் எரிகின்றனவா? எரிந்தால் சாவி ஸ்விட்சின் உள்ளே பாயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கு அணைந்தும் எஞ்சின் சீராக ஓடினால் ரிலே அல்லது ஒயரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். நெடுநாள் ஓடித் தேய்ந்த வண்டிகளில் இன்னொன்றும் நடக்கும். சாவியும் பூட்டும் தேய்ந்துபோய், ஆன் நிலையில் இருக்கும்போதே சாவி கையோடு வந்துவிடும். வண்டியில் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்போம். பூட்டு இன்னும் ஆஃப் ஆகவே இல்லை என்பதுதான் விஷயம்.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டீர்களா?

பழைய காரில் டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் மாட்டும்போது நேரும் கோளாறு இது. சாவியை எடுத்தாலும், சுற்றிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டர் தயாரிக்கும் கரண்ட் சார்ஜ் லைட் ஒயர் வழியாகப் பின்னோக்கி வந்து காயிலுக்குப் போய்விடும். எஞ்சின் தனக்கு வேண்டிய பொறியைத் தானே தயாரித்துக்கொண்டு ஓடும். அந்த ஒயரில் கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடைச் சேர்த்தால் தீர்ந்தது. சில ரூபாய்ப் பொருள்.

ஒயர் அறுந்தால் வண்டி ஓடாது என்பதற்கு விதிவிலக்கு

ஓசூரில் 1980-இல் வந்த டிவிஎஸ் 50 போன்ற மொபெட்டுகளில் பேட்டரியை நம்பாத மேக்னெட் காயில். அது சுற்றும்வரை பொறி வரும். அதை நிறுத்துவதற்கு, காயிலிலிருந்து வரும் கரண்ட்டை பாடியில் எர்த் செய்துவிடுவார்கள். அதாவது ஸ்விட்சை ஆஃப் செய்வது என்றால் ஒரு ஒயரை வண்டியின் உடம்போடு சேர்ப்பது. அந்த ஒயர் எலி கடித்தோ, ஹேண்டில் பார் திருப்பத்தில் தேய்ந்தோ அறுந்துபோனால் எஞ்சின் நிற்காது. புல்லுக்கட்டும் பால் கேனுமாக ஓடிய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் ‘சாவி வேலை செய்யவில்லை’ என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒயர்தான். எர்த் கொடுக்கும் இடத்தில் துருப்பிடித்திருந்தாலும் இதே கதை.

முதுகில் ஓடும் எஞ்சின்

திராட்சைப் பந்தலுக்கு அடியில் முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயருக்கும், புல் வெட்டும் மெஷினுக்கும் மேலே சொன்ன அதே ஏற்பாடுதான். ஸ்விட்சை அமுக்கியும் நிற்காவிட்டால் சோக்கை முழுவதுமாக மூடுங்கள். காற்று குறைந்து, பெட்ரோல் அளவுக்கு மீறி, சில நொடிகளில் அணைந்துவிடும். பதற்றத்தில் பிளக் கேப்பைப் பிடுங்கப் போகாதீர்கள். மருந்து நனைந்த கையில் பல ஆயிரம் வோல்ட் பாயும். பந்தல் கம்பி தலைக்கு மேலே இருக்கும் இடத்தில், முதுகில் மருந்து டேங்கோடு அந்த அதிர்ச்சியைத் தாங்க முடியாது. ஸ்பிரேயரை வாங்கும் நாளிலேயே சோக் எந்தப் பக்கம் மூடுகிறது என்று கையால் பழகிக்கொள்ள வேண்டும். மருந்தடிக்கக் கூலிக்கு வருபவருக்கும் இதைக் காட்டிக்கொடுப்பது தோட்டக்காரரின் கடமை.

விமானியும் சாவியை நம்புவதில்லை

பறக்கப் பழகும் சிறிய பிஸ்டன் எஞ்சின் விமானங்களிலும் மேக்னெட்டோ பொறிதான். அதனால் விமானிகள் எஞ்சினைச் சாவியால் நிறுத்தாமல், எரிபொருளை முழுக்க அடைக்கும் லீவரை இழுத்து நிறுத்துவார்கள். சிலிண்டரில் எதுவும் மிஞ்சக்கூடாது என்பதுதான் நோக்கம். எர்த் ஒயர் அறுந்த விமானத்தின் விசிறியை யாராவது கையால் லேசாகச் சுற்றினாலே எஞ்சின் உயிர் பெற்றுவிடலாம். ஆகவேதான், நிற்கும் விமானத்தின் விசிறியை எப்போதும் ஓடும் விசிறியாகவே நினைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இழுக்கும் குமிழ், தள்ளும் சாலினாய்டு

பழைய டிராக்டரிலும் டீசல் ஜீப்பிலும் சாவி எஞ்சினை நிறுத்தாது. ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் ஸ்டாப் குமிழை இழுக்க வேண்டும். அதன் கேபிள் நேராக டீசல் பம்ப்பின் ஸ்டாப் லீவருக்குப் போகும். கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தால், அல்லது லீவரைப் பிடிக்கும் ஸ்குரூ தளர்ந்திருந்தால், குமிழ் மட்டும் வரும், லீவர் அசையாது. இந்த வண்டிகளை ஓட்டுபவர் பானெட்டைத் திறந்து அந்த லீவரைக் கையால் தள்ளிப் பார்த்திருக்க வேண்டும். கேபிள் கைவிடும் நாளில் அந்த ஒரு தள்ளல் போதும்.

அதற்கு அடுத்து வந்த வண்டிகளில் சாலினாய்டு. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கரண்ட் இருக்கும்வரை டீசலைத் திறந்து வைக்கும், கரண்ட் போனால் அடைத்துவிடும். இன்னொன்று நேர் எதிர்: நிறுத்துவதற்குத்தான் அதற்குக் கரண்ட் வேண்டும். இரண்டாம் வகை வண்டியில் ஒயர் அறுந்தாலோ, பேட்டரி அடியோடு இறங்கியிருந்தாலோ சாவியைத் திருப்பியும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி செத்த வண்டி நிற்க மறுக்கிறது என்றால் நம்புவது கஷ்டம்தான், ஆனால் காரணம் இவ்வளவே. உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தன் ஆயிலைத் தானே குடிக்கும் எஞ்சின்

இப்போது அந்த வேறு கதை. டீசல் எஞ்சினில் பொதுவாகக் காற்று வரும் வழி எப்போதும் திறந்தே இருக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது உள்ளே போகும் டீசலின் அளவு. ஆக, காற்றோடு சேர்ந்து எரியக்கூடிய எது உள்ளே வந்தாலும் எஞ்சின் அதையும் எரித்துவிடும். அது சமையல் எரிவாயுவாக இருந்தாலும் சரி, எஞ்சின் ஆயிலாக இருந்தாலும் சரி.

ஆயில் எப்படிக் காற்று வழிக்கு வரும்? டர்போவின் சீல் போனால் வரும். ரிங் தேய்ந்து கீழே அழுத்தம் கூடினால் பிரீதர் குழாய் வழியாக வரும். டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் வரும். அப்போது பம்ப் டீசலை அடியோடு அடைத்தாலும் பயனில்லை. எஞ்சின் தன் ஆயிலைத் தானே குடித்து ஓடும். வேகம் ஏற ஏற இன்னும் ஆயிலை இழுக்கும், இழுக்க இழுக்க வேகம் இன்னும் ஏறும். சத்தம் அலறலாக மாறும். சைலன்சரிலிருந்து வெள்ளையும் நீலமுமாகப் புகை மூட்டம் போட்டதுபோல் வரும். ஆயில் தீரும்வரை ஓடும், தீர்ந்த பிறகு எஞ்சின் இறுகும், அல்லது அதற்கு முன்பே கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே பறக்கும். சாவி, ஸ்டாப் குமிழ், பேட்டரி ஒயர் எதுவும் இதில் உதவாது.

ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஒரு கோடு

டிராக்டருக்கு இந்த ஆபத்து வரும் வழிகளில் மிகச் சாதாரணமானது கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. பல டிராக்டர்களில் இன்றும் ஆயில் பாத் ஏர் கிளீனர்தான். கிளிப்பைத் தட்டி அடியில் இருக்கும் கிண்ணத்தை இறக்கினால், உட்சுவரில் ஒரு கோடு ஓடும். ஆயில் அந்தக் கோட்டோடு நிற்க வேண்டும். உழவுப் புழுதி, தோட்டத்துச் செம்மண் எல்லாம் அந்த ஆயிலில் படிந்து அடியில் களியாகக் கெட்டிப்படும். செய்ய வேண்டியது, களியை வழித்துப்போட்டு, டீசலில் கழுவித் துடைத்து, கோடு வரைக்கும் புது ஆயில் ஊற்றுவது. அவசரத்தில் சிலர் களியின் மேலேயே ஆயிலை ஊற்றி, ‘புழுதி அதிகம், கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று கோட்டைத் தாண்டி நிரப்பிவிடுவார்கள். அந்த உபரி ஆயிலை எஞ்சின் வலை வழியாக உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும். வண்டி சரிவில் நின்றால் இன்னும் சுலபமாக இழுக்கும். டிராக்டரில் எதைக் கூட ஊற்றினாலும் இந்தக் கிண்ணத்தில் கூட ஊற்றாதீர்கள்.

பல மாதம் ஓடாமல் கிடந்த டிராக்டரில் இன்னொரு வகை. பம்ப்புக்குள் டீசல் பிசின் பிடித்து, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் முழு டீசல் நிலையில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் செய்த கணமே எஞ்சின் அலறும். இங்கே எரிவது டீசல்தான் என்பதால் பம்ப்புக்குப் போகும் டீசலை அடைத்தால் நின்றுவிடும். டேங்க்குக்கு அடியில் இருக்கும் டீசல் காக்கை மூடினாலும் போதும், ஆனால் குழாயிலும் ஃபில்டரிலும் இருப்பது தீரும்வரை எஞ்சின் ஓடும். நெடுநாள் கிடந்த வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்டாப் லீவர் தாராளமாக அசைகிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

அலறும் எஞ்சினுக்கு முன்னால் என்ன செய்வது?

ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்து, முன்னால் ஆளோ சுவரோ இல்லை என்றால்: டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சை விடுங்கள். எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். டிராக்டரில் இடது வலது பிரேக் பெடல் இரண்டையும் கொண்டி போட்டுச் சேர்த்த பிறகே இதைச் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி சுழன்று கவிழும்.

வெளியிலிருந்து நிறுத்த வேண்டுமென்றால் காற்றை அடைக்க வேண்டும். ஏர் கிளீனர் வாயில் ஒரு கெட்டியான பலகையை அழுத்தலாம். கையை வைக்கவே கூடாது, உறிஞ்சும் வேகம் விரலை விடாது. சட்டை, துண்டு, சாக்கு எல்லாம் உள்ளே போய்விடும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்தால் காற்று வழிக்குள் அடிப்பது மிக நல்லது. வயலில் ஓடும் பழைய ஆயில் எஞ்சினில் டீகம்ப்ரஷன் லீவர் இருக்கும், அவசரத்துக்கு அதைத் தூக்கலாம். வால்வு கெட்டாலும் கெடட்டும். இவற்றில் எதுவும் கைக்கு எட்டவில்லை என்றால் எஞ்சினின் பக்கவாட்டில் நிற்காமல் தூரம் போய்விடுங்கள். எஞ்சின் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் கூடினால் சந்தோஷப்படாதீர்கள்

2020 ஏப்ரலிலிருந்து வரும் பிஎஸ் 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அந்தக் கரியை எரிப்பதற்குப் பல வண்டிகளில் எஞ்சின் இடையிடையே கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விடும். சின்னமனூருக்கும் ஓடைப்பட்டிக்குமாகக் குட்டிக் குட்டிப் பயணமே போகிற கார் என்றால் அந்த வேலை பாதியில் நின்றுபோகும். எரியாத டீசல் மெல்ல இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறும். மேல் கோட்டைத் தாண்டினால், மேலே சொன்ன அலறும் எஞ்சினுக்கு வழி போட்டாயிற்று. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டுங்கள்.

மலை ஏறியதும் ஆஃப் செய்யாதீர்கள்

டர்போ நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றக்கூடியது. போடிமெட்டோ குமுளியோ ஏறி முடித்த கையோடு சாவியைத் திருப்பினால், ஆயில் வரத்து நின்றுபோன பிறகும் அது சூட்டோடு சுற்றும். அங்கே தங்கிய ஆயில் கருகிக் கரியாகும், சீல் கெடும். கெட்ட சீல் என்ன செய்யும் என்று பார்த்தோம். ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு நிறுத்தினால் போதும்.

இறக்கத்தில் ஆஃப் செய்யவும் கூடாது

டீசலையும் பெட்ரோலையும் மிச்சப்படுத்துவதாக நினைத்து லோயர் கேம்ப் இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வருபவர்கள் உண்டு. பிரேக் பூஸ்டர் சில மிதிக்கு மேல் தாங்காது, சாவியை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம். மிச்சமாவது ஆகுமா என்றால் அதுவும் இல்லை. எலக்ட்ரானிக் முறையில் எரிபொருள் பீய்ச்சும் வண்டிகள், கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது எரிபொருளைத் தாமாகவே அடியோடு நிறுத்திவிடும். கார்ப்பரேட்டர் வண்டியில் கியர் போட்டபடி சாவியை அணைத்து இறங்கினால், எரியாத பெட்ரோல் சைலன்சரில் சேரும். கீழே வந்து சாவியைப் போட்டதும் வெடிக்கும்.

எரிவாயு கசியும் இடத்தில் டீசல் வண்டி

‘டீசல் வண்டியில் பொறி இல்லை, அதனால் கேஸ் கசிந்தாலும் பயமில்லை’ என்ற நம்பிக்கை நம்மிடம் பரவலாக இருக்கிறது. அது தவறு. அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று கோபுரம் நிரம்பி வழிந்து, எரியக்கூடிய ஆவி தரையோடு பரவியது. பக்கத்தில் ஐடிலிங்கில் நின்ற ஒரு டீசல் பிக்கப் வண்டி அந்த ஆவியை உறிஞ்சி வேகமெடுத்தது. ஆவி பற்றியது பெரும்பாலும் அங்கேதான் என்று விசாரணை சொன்னது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள்.

கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் 2025 ஜனவரி 3 அன்று 18 டன் எரிவாயு ஏற்றிய டேங்கர் கவிழ்ந்து கசிந்தபோது போக்குவரத்தைத் திருப்பிவிட்டு, அருகிலிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். செய்ய வேண்டியது அதுதான். கேஸ் வாடை வரும் இடத்தில் எந்த வண்டியையும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். டீசல் எஞ்சின் தானாக ரேஸ் ஆனால் அது ஓடுவது வெளியிலிருந்து வரும் வாயுவில். வண்டியைப் போட்டுவிட்டு, காற்று வீசி வரும் திசையை நோக்கி ஓடிவிடுங்கள்.

பின்பக்கமாகச் சுற்றும் எஞ்சின்

மேட்டில் கியரோடு அணைந்து வண்டி பின்னுக்கு உருண்டால், சில பழைய டீசல் எஞ்சின்கள் தலைகீழாகச் சுற்றி ஓடத் தொடங்கிவிடும். அடையாளம், புகை ஏர் கிளீனர் வழியாக வரும். ஆயில் பம்ப்பும் தலைகீழாகச் சுற்றுவதால் ஆயில் ஏறாது. உடனே நிறுத்த வேண்டும்.

ஜெர்மனியில் 1921-இல் வந்த லான்ஸ் புல்டாக் டிராக்டருக்கோ இதுதான் பிழைப்பே. அதன் முதல் மாடலில் ரிவர்ஸ் கியர் கிடையாது. பின்னால் போக வேண்டுமென்றால் எஞ்சினையே எதிர்ப்பக்கம் சுற்ற வைத்தார்கள்! அதில் பொறியும் இல்லை. ஊதுவிளக்கால் ஒரு இரும்புக் குமிழைச் சுடவைத்து ஸ்டார்ட் செய்தால், பிறகு அந்தக் குமிழின் சூட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்று மணி நேரம் நிற்காத எஞ்சின்

2010 நவம்பர் 4. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து 469 பேரோடு கிளம்பிய குவான்டாஸ் 32 விமானத்தில், பாத்தாம் தீவுக்கு மேலே இரண்டாம் எஞ்சின் வெடித்தது. சிதறிய டர்பைன் வட்டு இறக்கையைத் துளைத்து ஒயர்களை அறுத்துவிட்டது. கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி குழுவினர் பத்திரமாகத் தரையிறக்கினார்கள். ஆனால் அதன் பக்கத்தில் இருந்த முதல் எஞ்சினை அணைக்க முடியவில்லை, அணைக்கும் ஒயரும் அறுந்திருந்தது. கீழே எரிபொருள் ஒழுகுகிறது, பிரேக் கொதிக்கிறது, எஞ்சின் சுற்றுகிறது. மறுபக்கத்துப் படி வழியாகப் பயணிகளை இறக்கினார்கள். தீயணைப்பு வீரர்கள் சுமார் 3 மணி நேரம் தண்ணீரும் நுரையும் அடித்த பிறகே அது அடங்கியது. அவ்வளவு பேரில் ஒருவருக்கும் உயிராபத்து இல்லை.

இதெல்லாம் கோளாறு இல்லை

சாவியை எடுத்த பிறகு ‘ஊஊ’ என்று ஓடுவது சில கார்களிலும் தண்ணீரால் குளிரும் பைக்குகளிலும் ரேடியேட்டர் ஃபேன். சூடு தணிந்ததும் தானாக நிற்கும். சைலன்சரில் வரும் ‘டிக், டிக்’ சூடான இரும்பு சுருங்கும் சத்தம். பயப்பட வேண்டாம்.

பெட்ரோலில் மண்ணெண்ணெய்

கரி இல்லை, ஐடிலிங் சரி, சூடும் இல்லை, ஆனாலும் பெட்ரோல் வண்டி சாவியை எடுத்ததும் உதறுகிறதா? எங்கே பெட்ரோல் போட்டீர்கள் என்று யோசியுங்கள். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் மிகக் குறைவு. அது கலந்தால் பெட்ரோல் சூட்டிலேயே எளிதாகப் பற்றிக்கொள்ளும். பங்கில் கேட்டால் ஃபில்டர் பேப்பர் தர வேண்டும். அதில் ஒரு சொட்டு விட்டால் நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்துக்குள் ஆவியாகி, கறை இல்லாமல் போய்விடும். தங்கிய கறை கலப்படத்தைக் காட்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

கோளாறே கண்டுபிடிப்பானது

சாவியை எடுத்த பிறகும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஏன் ஓடுகிறது என்று ஜப்பானியப் பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. அதையே பயன்படுத்த முடியுமா என்று பார்த்தார்கள். பொறி இல்லாமல், சூட்டால் மட்டும் பற்றும் அந்த எரிப்பைக் கட்டுப்படுத்தினால் எஞ்சின் இன்னும் சீராக, குறைந்த புகையோடு ஓடும் என்று ஒனிஷியும் அவர் குழுவினரும் 1979-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஹோண்டா அந்த வழியில் ஒரு டூ ஸ்ட்ரோக் பைக்கைத் தயாரித்து 1995-இல் கிரனடா–டக்கார் பந்தயப் பாலைவனத்தில் ஓட்டியது. பெட்ரோலை டீசலைப்போல் அமுக்கத்தால் பற்றவைத்து, பிளக்கை உதவிக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் எஞ்சினை மாஸ்டா நிறுவனம் 2019-இல் கடைக்கே கொண்டுவந்துவிட்டது.